மூடியோடு எடுத்த படங்கள்

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்து தாய் வீட்டுக்கு வந்த ஜெயனி, குழம்புக்கு மீன் எடுக்கப் பிறீசரைத் திறந்தாள். பாரைத் துண்டுகளுக்கும் தேங்காய்ப்பூப் பைக்கும் நடுவில், பொலித்தீன் பையில் சுற்றிக் கட்டிய ஒரு கமெரா கிடந்தது. கிடந்தது மட்டுமல்ல, வேலையும் செய்துகொண்டிருந்தது. கதவு திறந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து ‘டிக்’ என்று ஒரு சத்தம் வந்தது. ஜெயனி கமெராவைப் பார்த்தாள். மீனை எடுத்தாள். கதவை மெல்லச் சாத்தினாள். ஒரு சொல் பேசவில்லை.

அந்தப் பேசாமையைத்தான் தாய் அஞ்சலீனா நம்பவில்லை. தாயின் வீட்டில் ஒரு கரண்டி இடம் மாறினாலும் ஏன், எதற்கு என்று கேட்கிற பிள்ளை, மீனுக்குப் பக்கத்தில் கமெராவைக் கண்டும் வாயைத் திறக்கவில்லை என்றால், மனதுக்குள் எதையோ குறித்துக்கொண்டாள் என்றுதான் அர்த்தம்.

அஞ்சலீனாவுக்கு வயது அறுபத்தேழு. முழங்கால் கிழடாகிவிட்டது, காது கொஞ்சம் கிழடாகிவிட்டது, சந்தேகம் மட்டும் இளமையாகவே இருந்தது. கடைக்காரர் நல்ல மீன் என்று சொன்னால் செவுளைத் திறந்து பார்ப்பாள். பாதர் பிரசங்கத்தை ஐந்து நிமிடத்தில் முடித்தால் எங்கே அவசரமாகப் போகிறார் என்று யோசிப்பாள். அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் முப்பது வருடம் நுண்நோக்கிக்கு மேல் குனிந்து மற்றவர்களின் இரத்தத்தைப் பார்த்தவள். அங்கே சந்தேகப்படுவதற்குத்தான் சம்பளம். டொக்டர் சொல்வதை அல்ல, கண்ணாடித் தகட்டில் இருப்பதை நம்பு என்பதுதான் அந்த வேலையின் வேதம்.

ஓய்வு பெற்றதும், குனிந்தது போதும், இனி நிமிர்ந்து பார்க்கலாம் என்று ஒரு தொலைநோக்கி வாங்கினாள். கணவர் யோசெப் இறந்து அப்போது இரண்டு வருடம். மொன்றியலுக்குப் பக்கத்தில், தான் இருந்த லொங்குய்ய் ஊரின் வானியல் கழகத்தில் சேர்ந்தாள். ஆறு வருடத்தில், நட்சத்திரங்கள் பிறக்கிற அந்தப் பெரிய வாயுத் திரள்களை, நெபுலாக்களை, தன் வீட்டுப் பின்வளவில் நின்றபடியே படம் பிடிக்கப் பழகிவிட்டாள். கழகத்தில் ஹென்றி என்ற பழைய அனுபவசாலி ஒருவர் அவளது படங்களைப் பார்த்துத் தலையாட்டுவார். ஹென்றி சும்மா தலையாட்டுகிற ஆள் இல்லை என்பதை விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் அஞ்சலீனா சந்தோசப்பட்டாள்.

பிறீசருக்குள் கமெரா இருந்ததில் பைத்தியக்காரத்தனம் ஒன்றும் இல்லை. இருட்டில் நிமிடக்கணக்காகத் திறந்திருக்கிற கமெரா, வானத்தில் இல்லாத புள்ளிகளையும் தன்பாட்டில் போட்டுவிடும். சிவப்புப் பொட்டு, நீலப் பொட்டு என்று படம் முழுக்க அம்மை போட்டதுபோல் இருக்கும். அந்தப் பொய்ப் புள்ளிகளைக் கண்டுபிடிக்க ஒரே வழி, அதே குளிரில், அதே அளவு நேரத்துக்கு, மூடியைப் போட்டுக்கொண்டு படம் எடுப்பது. மூடியோடு எடுத்த படத்தில் ஏதாவது தெரிந்தால் அது கமெராவின் சொந்தப் பொய். அதை நல்ல படத்திலிருந்து கழித்துவிடலாம். இந்தக் கறுப்புப் படங்களைக் கழகத்தில் ‘டார்க்’ என்பார்கள். அனேகமான இரவுகளில் வெளியே குளிர் எவ்வளவோ அவ்வளவு குளிர் பிறீசரிலும் இருப்பதால், அஞ்சலீனா பின்வளவில் விறைக்காமல் பாரை மீனுக்குப் பக்கத்தில் அந்த வேலையை முடித்துக்கொள்வாள்.

இதைக் கேட்டால் சொல்லியிருப்பாள். ஜெயனி கேட்கவில்லை. சோறு தின்றபின், தாய் கோப்பை கழுவிக்கொண்டிருந்த நேரம் மேசையில் திறந்திருந்த கணினியை எட்டிப் பார்த்தாள்.

“என்னம்மா இது, எல்லாம் கறுப்பா இருக்கு?”

“கறுப்பா இருக்கத்தான் எடுத்தனான்.”

“மூடியோடயோ எடுத்தனீங்கள்?”

“ஓம். மூடியோட.”

“ஏன்?”

“கமெரா என்னென்ன பொய் சொல்லுதெண்டு பாக்க.”

அஞ்சலீனா சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. ஆனால் சொல்லி முடித்ததும் மகளின் முகத்தைப் பார்த்தாள். ஜெயனி மிகவும் அன்பாகச் சிரித்தாள். நாற்பது வயதுப் பிள்ளை, தாயைப் பார்த்து அப்படிச் சிரிக்கக் கூடாது. அது நோயாளியைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் பார்த்த சிரிப்பு.

“அம்மா, மருந்தெல்லாம் நேரத்துக்குப் போடுறியள்தானே?” என்று கேட்டாள்.

அடுத்த நாள் மாலை ஜெயனி தன் வீடு இருக்கிற லவாலிலிருந்து திரும்பவும் வந்தாள். கையில் ஒரு மாத்திரைப் பெட்டி. ஏழு அறை, ஏழு மூடி, ஒவ்வொன்றிலும் ஒரு கிழமையின் பெயர். “சும்மா, கடையில கண்டனான், வாங்கினனான்,” என்றாள். வேலை நாளில், பனி கொட்டுகிற நேரத்தில், இரண்டு பாலம் தாண்டி வந்து யாராவது சும்மா ஒரு பெட்டி கொடுப்பார்களா? அஞ்சலீனா அதை வாங்கி, நன்றி சொல்லி, அலுமாரியின் மேல்தட்டில் தள்ளிவிட்டாள்.

அவளுக்கு ஏற்கனவே மகள்மேல் ஒரு வழக்கு இருந்தது. தை மாதத்தில் பின்கதவுப் பூட்டின் திறப்பு காணாமல் போயிற்று. ஆணியில் தொங்குகிற திறப்பு. இரண்டு நாள் தேடினாள். கடைசியில் பருப்புப் போத்தலுக்குள் இருந்தது. அஞ்சலீனா பருப்புப் போத்தலுக்குள் திறப்பை வைக்கிற பெண்ணா? அதற்கு முதல் நாள் வந்து போனது யார்? ஜெயனி. பிறகு ஒரு நாள் பால் காய்ச்சிய சட்டி அடிப்பிடித்துக் கரியாகிவிட்டது. அந்த நேரம் ரெலிபோனில் முக்கால் மணிநேரம் கதைத்துக் கவனத்தைக் குலைத்தது யார்? அதுவும் ஜெயனி. இதெல்லாம் ஒரு திட்டம் என்று அஞ்சலீனா முடிவுகட்டினாள். பொருளை இடம் மாற்றி வைப்பது, அம்மாவுக்கு மறதி என்று பெயர் கட்டுவது, வீட்டை விட்டுக் கிளப்புவது. அன்றிலிருந்து தன் வானியல் கொப்பியின் பின்பக்கத்தில் ஒவ்வொரு பொருளும் எங்கே இருக்கிறது என்று எழுதத் தொடங்கினாள். யாருடைய வாயையும் நம்பாதவள் தன் கையெழுத்தை நம்பினாள்.

செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டு எமிலியானுஸ் வந்தார். மன்னார் ஆள், ஒரே கோயில் பங்கு, ஐம்பது வயது. அவளுடைய வாசல் பனியை ஒவ்வொரு முறையும் தானே வழித்துவிடுகிற நல்ல மனிதர். அப்படி ஏன் நல்லவராக இருக்கிறார் என்று அஞ்சலீனா மூன்று வருடமாக யோசித்துக்கொண்டிருந்தாள். அன்று பனிவாரியை ஊன்றி நின்றுகொண்டு, எங்கேயோ பார்த்தபடி கேட்டார்:

“அக்கா, இண்டைக்கு என்ன கிழமை?”

அஞ்சலீனாவுக்கு உச்சி குளிர்ந்தது. பிடித்துவிட்டாள்! ஆஸ்பத்திரியில் மறதி நோயாளிகளிடம் கேட்கிற முதல் கேள்வி இது.

“செவ்வாய். மாசி மாதம் பதினொண்டு. ரெண்டாயிரத்து இருபத்தஞ்சாம் ஆண்டு. பாப்பரசற்ற பேரும் சொல்லோணுமோ? நூறில இருந்து ஏழு ஏழாக் கழிச்சுக் காட்டட்டோ? தொண்ணூத்து மூண்டு, எண்பத்தாறு, எழுபத்தொன்பது…”

“அக்கா, அக்கா, நான் சும்மா…”

“ஆர் கேக்கச் சொன்னது எண்டதை மட்டும் சொல்லும்.”

எமிலியானுஸின் மூக்கு குளிரில் முதலே சிவந்திருந்தது. இப்போது காதும் சிவந்தது. “ஜெயனிதான் கேட்டுப் பாக்கச் சொன்னவா. நான் கண்டதைத்தான் அவாக்குச் சொன்னனான் அக்கா. போன மாதம் சரியான குளிர், இருபத்தி நாலு மைனஸ், நீங்கள் பின்வளவில கதிரை போட்டுக் குந்தியிருந்தியள். அந்தக் குழாய் மூடிக் கிடந்தது. மூடின குழாயை ஒரு மணித்தியாலம் பாத்துக்கொண்டு இருந்தியள். எனக்குப் பயமாப் போச்சு.”

“பிறீசரில அவ்வளவு குளிர் வராது, அதாலதான் வெளியில டார்க் எடுத்தனான்.”

“ஓம் அக்கா, இருட்டுத்தான்,” என்றார் எமிலியானுஸ் பாவமாக.

சந்தேகம் சரியென்று ஆகிவிட்டால் மனிதருக்கு ஒரு தனிச் சந்தோசம் வரும். அன்று பின்னேரம் அஞ்சலீனா ரொட்டி சுட்டு, சம்பல் இடித்து, நன்றாகச் சாப்பிட்டாள். எதிரி யார் என்று தெரிந்துவிட்டது. எதிரியின் ஒற்றன் யார் என்றும் தெரிந்துவிட்டது.

ஆனால் இந்தச் சண்டைக்கு நடுவிலும் வானம் என்று ஒன்று இருந்ததே. மூன்று கிழமையாக முகில், பனி, உறைமழை, திரும்பவும் முகில். மொன்றியல் மாரிக்குளிரில் வானம் வெளிக்கிற இரவு என்றால் அன்றைக்குக் குளிர் கொல்லும். குளிர் குறைகிற இரவு என்றால் நட்சத்திரமே இராது. இரண்டில் ஒன்றைத்தான் தருவேன் என்று அது அடம்பிடிக்கும். அஞ்சலீனா அந்த மாரி முழுக்கக் காத்திருந்தது றோசெற் நெபுலாவுக்காக. நடுவில் வெறுமை, சுற்றிவரச் சிவப்பு இதழ்கள், பூ மாதிரியே ஒரு வாயுத் திரள். மாசியில் அது இரவு எட்டு மணிக்கே தெற்கில் நல்ல உயரத்தில் நிற்கும். அவளது வளவின் தெற்குப் பக்கம் மரமும் இல்லை, மாடியும் இல்லை. அந்த ஒரு திறந்த பக்கத்துக்காகவே அவள் அந்தச் சின்ன வீட்டை விற்காமல் வைத்திருந்தாள்.

புதன்கிழமை இரவு நாலு மணித்தியாலம் வானம் வெளிக்கும் என்று முன்னறிவிப்பு சொன்னது. குளிர் இருபத்திரண்டு மைனஸ். முன்னறிவிப்பையும் அவள் நம்பவில்லைதான், ஆனால் ஆறரை மணிக்கே வழி வெட்டத் தொடங்கினாள். முழங்கால் அளவு பனியில் தொலைநோக்கியின் முக்காலி வரை ஒரு ஒற்றையடிப் பாதை. பற்றறியைத் துவாயில் சுற்றி, வெளிக்குளிர் உள்ளே போகாத ஐஸ்பெட்டிக்குள் வைத்தாள். கைசூடாக்கும் பொட்டலம் இரண்டையும் அதற்குள் போட்டாள். கம்பிகள் குளிரில் விறைத்துத் தடியாகிவிட்டிருந்தன. லென்சில் உறைபனி படியாமல் சூடாக்கும் பட்டியைச் சுற்றினாள். மூச்சு லென்சில் படக்கூடாது என்று முகத்தைத் திருப்பித் திருப்பி மூச்சுவிட்டாள். எமிலியானுஸின் வாசல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வேண்டுமென்றுதான் போட்டு வைத்திருக்கிறார் என்று நினைத்தாள். ஒரு நட்சத்திரத்தில் கூர்மை பார்த்துச் சரிசெய்தாள். இனி நெபுலாவுக்குத் திருப்பி ஓடவிட வேண்டியதுதான். அப்போது எங்கிருந்தோ ஒரு சிறு முகில் வந்து பனி தூவத் தொடங்கியது. தொலைநோக்கிக்கு மூடியைப் போட்டுவிட்டு, பத்து நிமிடம் பார்ப்போம் என்று உள்ளே வந்து தேத்தண்ணி ஊற்றினாள்.

ரெலிபோன் அடித்தது. ஜெயனி.

“அம்மா, ஒண்டு சொல்லோணும். கோவிக்கப்படாது.”

“கோவம் வாற விசயம் எண்டால் கோவிப்பன். சொல்லு.”

“வாற கிழமை வியாழக்கிழமை, இருபதாந் திகதி, பத்தரைக்கு உங்களுக்கு கிளினிக்கில நேரம் எடுத்திருக்கிறன். ஞாபகத்துக்கு ஒரு ரெஸ்ட், அவ்வளவுதான். பேந்து, எங்கட வீட்டுக்குக் கிட்ட, லவாலில, வயசுபோன ஆக்கள் இருக்கிற இடம் ஒண்டில ஒரு அறை வந்திருக்கு. மாத முடிவுக்குள்ள ஓமோ இல்லையோ எண்டு சொல்லோணும். நல்ல இடம் அம்மா. நான் போய்ப் பாத்தனான்.”

அஞ்சலீனா தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தாள். “அறையில யன்னல் எவ்வளவு திறக்கும்?”

“என்ன?”

“யன்னல். எவ்வளவு திறக்கும்?”

ஜெயனி கொஞ்சம் யோசித்து, “ஒரு கையளவு,” என்றாள். “பாதுகாப்புக்கு.”

“ஒரு கையளவு வானத்தை வைச்சு நான் என்ன செய்யிறது? நீ திறப்பை ஒளிச்சு வைச்ச அண்டைக்கே எனக்கு விளங்கீற்று, இதுதான் நடக்கப்போகுதெண்டு.”

“நான் ஏனம்மா திறப்பை ஒளிக்கிறன்?” ஜெயனி அழத் தொடங்கினாள். “எனக்கு இரவில நித்திரை வருகுதில்லை. அந்தக் குளிருக்குள்ள விழுந்தால் விடியத்தான் ஆரும் காணுவினம்.”

அழுகை உண்மையா என்று அஞ்சலீனா காதைக் கூர்மையாக்கிக் கேட்டாள். உண்மை போலத்தான் இருந்தது. அதனால் அவளுடைய கோபம் இன்னும் கூடியது. “இஞ்ச பார். சனிக்கிழமை காலமை வா. நான் என்ன செய்யிறன், ஏன் செய்யிறன் எண்டு முழுக்கக் காட்டுறன். பாத்தாப் பிறகும் எனக்கு விசர் எண்டு நீ நினைச்சால், நானே உடுப்பை அடுக்கிக்கொண்டு லவாலுக்கு வாறன். இல்லையெண்டால் கிளினிக்கும் இல்லை, அறையும் இல்லை. சத்தியம் பண்ணு.”

ஜெயனி சத்தியம் பண்ணினாள்.

ரெலிபோனை வைத்துவிட்டு, இரண்டு கையுறையையும் ஒன்றின்மேல் ஒன்றாக மாட்டி, கோபத்தில் தனக்குள்ளே கதைத்தபடி வெளியே போனாள். தூவல் நின்று வானம் கழுவிவிட்டது மாதிரி இருந்தது. தொலைநோக்கியை நெபுலாவுக்குத் திருப்பினாள். பக்கத்தில் பூட்டிய சின்னக் குழாய் நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டு தன்பாட்டில் பின்தொடர்ந்தது. கமெரா மூன்று நிமிடத்துக்கு ஒரு படமாக எடுக்கத் தொடங்கியது. உள்ளே வந்து கொப்பியை எடுத்து எழுதினாள்: ‘8.10. தூவல் நின்றது. மூடி கழற்றினேன். முதல் படம் பார்த்தேன். நடுவில் வெறுமை, சுற்றிவர இதழ், வலப்பக்கம் சிவப்புக் கூட. மிக நல்லது.’

பத்து மணி கடந்ததும் எல்லாவற்றையும் கழற்றி உள்ளே கொண்டுவந்தாள். நாற்பது படம். வழமையில் அன்றிரவே கணினியில் போட்டுப் பார்த்துவிடுவாள். அன்று பார்க்கவில்லை. கமெராவில் படங்கள் பதிகிற அட்டையைக் கழற்றி ஒரு கடித உறையில் போட்டு, ஒட்டி, ஒட்டின இடத்தில் கையெழுத்து வைத்தாள். சனிக்கிழமை ஜெயனியின் கண்முன்னால்தான் அதை உடைக்கவேண்டும். பழைய படத்தைக் காட்டுகிறாய், இன்ரநெற்றில் எடுத்தாய் என்று எவரும் ஒரு சொல் சொல்லக்கூடாது. ஆய்வுகூடத்தில் மாதிரிகளை அப்படித்தான் பத்திரப்படுத்துவார்கள்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு ஜெயனி வந்தாள். கண் வீங்கியிருந்தது. கோட்டைக் கழற்றாமல் மேசையில் உட்கார்ந்தாள். அஞ்சலீனா சாட்சிக்கூண்டில் ஏறியவளைப் போல நிமிர்ந்து இருந்துகொண்டு தொடங்கினாள். முதலில் மார்கழியில் எடுத்த ஒரு நெபுலாப் படம். பெருப்பித்துக் காட்டினாள்.

“இந்தச் சிவப்புப் பொட்டுத் தெரியுதோ? இது நட்சத்திரம் எண்டு நினைக்கிறியோ?”

“ஓம்.”

“இல்லை. இப்ப இதைப் பார்.” கறுப்புப் படம் ஒன்றை எடுத்து வெளிச்சத்தைக் கூட்டினாள். கறுப்புக்குள்ளிருந்து பொட்டுகள் கிளம்பின. அதே இடத்தில் அதே சிவப்புப் பொட்டு. “மூடியைப் போட்டு எடுத்தது. மூடிக்குள்ள ஏது நட்சத்திரம்? கமெரா சொன்ன பொய். இப்ப ரெண்டையும் கழிக்கிறன்.”

ஒரு பொத்தானை அழுத்தினாள். பொட்டுகள் எல்லாம் மறைந்து, புகை மாதிரி மென்மையான சிவப்பு மட்டும் மிஞ்சியது. ஜெயனி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கோட்டைக் கழற்றினாள். கதிரையைக் கிட்ட இழுத்தாள். இன்னொன்று காட்டச் சொன்னாள். பிறீசர் ஏன் என்று கேட்டாள். அஞ்சலீனா பிறீசரை விளக்கினாள். எமிலியானுஸ் கண்ட மூடின குழாயை விளக்கினாள். ஜெயனிக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு கண்ணீரும் வந்தது.

“ஐயோ அம்மா, இதை முதலே சொல்லியிருக்கலாமே!”

“நீ முதலே கேட்டிருக்கலாமே!”

“என்னை மன்னியுங்கோ. நான் உங்களை… நான் என்னென்னவோ நினைச்சிட்டன்.” தாயின் கையைப் பிடித்து முத்தமிட்டாள். “கிளினிக்கில சனிக்கிழமையும் மத்தியானம் வரைக்கும் ரெலிபோன் எடுப்பினம். இப்பவே அடிச்சு வேண்டாம் எண்டு சொல்லிப்போடுறன். அந்த அறையையும் திங்கக்கிழமை வேண்டாம் எண்டுறன்.”

வென்றுவிட்டாள். அஞ்சலீனாவின் நெஞ்சு நிறைந்துவிட்டது. வீடு தப்பியது, தெற்கு வானம் தப்பியது, மகளும் திரும்பக் கிடைத்துவிட்டாள். மூன்றும் ஒரே காலையில்.

ஜெயனி ரெலிபோனைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அந்தப் பக்கத்தில் ஏதோ பியானோ வாசித்தார்கள். “இது முடிய எவ்வளவு நேரமோ தெரியாது. நீங்கள் புதன்கிழமைப் படத்தைப் போடுங்கோ அம்மா, நான் பாக்கிறன்,” என்றாள். அஞ்சலீனா உறையைத் தூக்கிக் கையெழுத்தைக் காட்டி, மகளின் கண்முன்னால் கிழித்து, அட்டையைக் கணினியில் செருகினாள்.

முதல் படம் கறுப்பு.

இரண்டாவது கறுப்பு. பத்தாவது, இருபதாவது, நாற்பதாவது. வெளிச்சத்தைக் கூட்டினாள். பொட்டுகள் மட்டும் கிளம்பின. ஒரு நட்சத்திரம் இல்லை.

ஜெயனி ரெலிபோனோடு குனிந்து பார்த்தாள். “இதுகளும் டார்க்தானே அம்மா?” புதிதாகப் படித்த சொல்லைச் சொல்வதில் அவளுக்கு ஒரு பெருமை.

“ம்,” என்றாள் அஞ்சலீனா.

கொப்பியை எடுத்துப் புதன்கிழமைப் பக்கத்தைத் திறந்தாள். அவளுடைய எழுத்துத்தான். மூடி கழற்றினேன். முதல் படம் பார்த்தேன். மூடியை மறப்பது பெரிய விசயமில்லை. கழகத்தில் வருடத்துக்கு ஒருவர் மறப்பார், எல்லோரும் சிரிப்பார்கள், மறந்தவரும் சிரிப்பார். கோபத்தில் போனவள் மறந்திருக்கலாம். ஆனால் படத்தைப் பார்த்தாளே! கமெராவின் முதுகில் அந்தச் சின்னத் திரையில், நடுவில் வெறுமையாய், வலப்பக்கம் கொஞ்சம் கூடச் சிவப்பாய் இருந்த அந்தப் பூ இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறதே. மூடியைப் போட்ட குழாய்க்குள் அவள் எந்தப் பூவைக் கண்டாள்?

யாரோ அட்டையை மாற்றிவிட்டார்கள் என்று மனம் பழக்கத்தில் ஓடியது. யார்? ஜெயனி புதன்கிழமை வரவில்லை. எமிலியானுஸ் வேலியைத் தாண்டுகிற ஆள் இல்லை. உறையில் இருந்தது அவளுடைய கையெழுத்து, ஒட்டினது ஒட்டினபடி இருந்தது. வீட்டில் அவளைத் தவிர வேறு யாரும் இல்லை. பருப்புப் போத்தலுக்குள் திறப்பை வைத்த அன்றும், பால் கரியான அன்றும், வேறு யாரும் இல்லை. ஊரில் ஒருவரையும் விடாமல் சந்தேகித்தவள், இந்த ஒரு ஆளை மட்டும் ஒரு நாளும் கேள்வி கேட்கவில்லை.

அஞ்சலீனாவுக்குப் பயம் வந்தது. குளிருக்கும் இருட்டுக்கும் வராத பயம்.

பேசாமல் இருந்துவிடலாம். கறுப்புப் படத்துக்கும் கறுப்புப் படத்துக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க இந்த உலகத்தில் ஒருவராலும் முடியாது. ஜெயனி நம்பிவிட்டாள். இன்னும் ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

பியானோ நின்றது. “பொன்ஜூர்,” என்றாள் ஜெயனி. பிரெஞ்சில், என் அம்மாவுக்கு வியாழக்கிழமை ஒரு நேரம் எடுத்திருந்தேன், அதை ரத்துச் செய்ய வேண்டும் என்று சொல்லத் தொடங்கினாள்.

அஞ்சலீனா எழும்பி மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“பிள்ளை, பொறு. அது டார்க் இல்லை.”

ஜெயனி ரெலிபோனைக் கையால் பொத்தினாள். “என்னம்மா?”

“புதன்கிழமை நெபுலாவைத்தான் எடுத்தனான். மூடி கழட்டேல்லை.”

“அதுக்கென்ன, ஆருக்கும் மறக்கும்தானே! என்னோட சண்டை பிடிச்சுக்கொண்டு போனியள்.”

“மறந்தது பரவாயில்லை. நான் அதைப் பாத்தனான், ஜெயனி. படம் வந்திட்டுதெண்டு, என்ன நிறம், எந்தப் பக்கம் எண்டு எழுதியும் வைச்சிருக்கிறன். இல்லாத ஒண்டைப் பாத்திருக்கிறன்.” கொப்பியை மகளின் பக்கம் தள்ளினாள். “திறப்பும் நீ ஒளிக்கேல்லை. நான்தான் போத்தலுக்குள்ள வைச்சிருக்கிறன்.”

ஜெயனி அந்த இரண்டு வரியையும் வாசித்தாள். சற்றுமுன் தாயைக் கும்பிடாத குறையாக மன்னிப்புக் கேட்டவள், இப்போது அதே வரிகளைத் திரும்பவும் முதலிலிருந்து வாசித்தாள். தான் நினைத்தது சரி என்று ஆகிவிட்டதில் அவளுக்கு ஒரு துளி சந்தோசமும் இருக்கவில்லை. ரெலிபோனுக்குள் ஒரு பெண் “அலோ? அலோ, மதாம்?” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“வாறம் எண்டு சொல்லு,” என்றாள் அஞ்சலீனா.

ஜெயனி ரெலிபோனைப் பொத்திய கையை எடுக்கவில்லை. அஞ்சலீனா ரெலிபோனை வாங்கித் தன் காதில் வைத்தாள். ஆய்வுகூடத்தில் பழகிய திருத்தமான பிரெஞ்சில் தன் பெயரைச் சொன்னாள். வியாழக்கிழமை பத்தரைக்கு நேரம் இருக்கிறது, அதை ரத்துச் செய்யவேண்டாம், நான் வருவேன் என்றாள். அந்தப் பெண் பதிவைச் சரிபார்ப்பதற்காகப் பிறந்த திகதியைக் கேட்டாள்.

“ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தேழு, பங்குனி, ஒன்பது,” என்று அஞ்சலீனா நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். பிறகு வாயருகில் இருந்த ரெலிபோனைக் கொஞ்சம் விலத்தி, மகளின் முகத்தைப் பார்த்து மெல்லக் கேட்டாள்:

“சரியோ பிள்ளை?”